கார்டில் நிற்கும் மளிகைப் பணம்: அமெரிக்காவில் குடித்தனம் நடத்துபவர்களுக்குச் சில குறிப்புகள்

"சித்தி, ஒரே ஆர்டருக்கு ரெண்டு தடவை காசு எடுத்துட்டாங்க!"

டெக்சாஸில் எம்.எஸ். படிக்கும் என் அக்கா மகள் ஒரு மாதத்தின் முதல் வாரத்தில் போன் செய்தபோது குரல் உடைந்திருந்தது. நடந்தது இதுதான். முதல் நாள் அவள் கணக்கில் 1,240 டாலர் இருந்தது. மறுநாள் வாடகை 1,150 டாலர் தானாகக் கழிய வேண்டும். போக 90 டாலர் மிஞ்சுமே என்று அரிசி, பால், கோழி, காய்கறி எல்லாம் சேர்த்து 78 டாலருக்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டு, டெபிட் கார்டு எண்ணைக் கொடுத்திருக்கிறாள். கடை 78 டாலரோடு நிற்கவில்லை, 96 டாலரைக் கார்டில் பிடித்து வைத்தது. விடியற்காலை வாடகை வந்து நின்றபோது எடுக்கக்கூடிய பணம் 1,144 டாலர்தான். ஆறு டாலர் குறைவு. வங்கி வாடகையைக் கொடுத்துவிட்டு, 35 டாலர் ஓவர்டிராஃப்ட் கட்டணம் போட்டுவிட்டது.

இரண்டு பொருள் கடையில் இல்லாததால், கடைசியில் அந்த மளிகைக்கு ஆன செலவு 74 டாலர். ஆனால் வங்கி ஆப்பில் 96 ஒரு வரியாகவும் 74 ஒரு வரியாகவும் இரண்டு நாள் நின்றன. அதைப் பார்த்துத்தான் இரண்டு தடவை எடுத்துவிட்டதாகப் பதறினாள்.

கடை அவளை ஏமாற்றவில்லை. வங்கியும் விதியை மீறவில்லை. 'ஹோல்டு' என்று ஒன்று இருப்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவளுக்குச் சொன்னதை மற்றவர்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

1. ஹோல்டு என்பது பணம் எடுப்பது அல்ல, பணத்தை ஒதுக்கி வைப்பது. ஆன்லைனில் கார்டு எண் கொடுத்ததும் கடையிலிருந்து விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு வழியாக உங்கள் வங்கிக்கு ஒரு கேள்வி போகிறது: இவர் கணக்கில் இவ்வளவு பணம் இருக்கிறதா? வங்கி 'இருக்கிறது' என்று ஒப்புதல் கொடுத்து, அந்தத் தொகையை வேறு யாரும் தொடாதபடி கட்டி வைக்கிறது. பணம் இன்னும் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. பொருளை எடுத்துக் கட்டி, இறுதி பில் போட்ட பிறகு, 'இவ்வளவு கொடு' என்று கடையிலிருந்து இரண்டாவது செய்தி போகும். அப்போதுதான் பணம் கைமாறுகிறது. இந்தியாவில் புதுப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். 2008-ல் செபி கொண்டுவந்த 'ஆஸ்பா' முறையில் விண்ணப்பத் தொகை கணக்கிலேயே முடக்கப்படும். பங்கு ஒதுக்கினால் மட்டும் கழியும், இல்லாவிட்டால் விடுபடும். மளிகை ஹோல்டும் அதே சாதிதான்.

2. கடைக்கு நேரில் போய் அதே டெபிட் கார்டைச் செருகி, பின் நம்பர் போட்டு வாங்கும்போது இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். அங்கே பில் முடிந்த பிறகுதான் கார்டைச் செருகுகிறோம். கேள்வியும் பணமும் ஒரே செய்தியில் முடிந்துவிடும். ஆன்லைனில் ஆர்டர் போடும் நேரத்தில் பில் தொகை என்ன என்று கடைக்கே தெரியாது.

ஏன் தெரியாது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இறைச்சி, மீன், காய்கறி, பழம் எல்லாம் பெரும்பாலும் பவுண்டு கணக்கில் எடைக்கு விற்பவை. இரண்டு பவுண்டு வெண்டைக்காய் கேட்டால், எடுப்பவர் கையில் 2.3 பவுண்டு வரலாம். நான்கு பவுண்டு கோழித் தொடை கேட்டால், அடைத்து வைத்த பெட்டி 4.6 பவுண்டாக இருக்கலாம். நீங்கள் கேட்ட பிராண்டுத் தயிர் தீர்ந்துபோய், விலை கூடிய வேறு தயிரை வைக்கலாம். சில மாநிலங்களில் பாட்டில் டெபாசிட் சேரும், சில ஊர்களில் பைக்குக் காசு. டெலிவரிக்கு வருபவருக்கான டிப்ஸை நீங்களே பிறகு கூட்டவும் செய்யலாம். இத்தனையையும் தாங்குவதற்குத்தான் ஆர்டர் தொகைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துப் பிடித்து வைக்கிறார்கள். இன்ஸ்டாகார்ட் போன்ற சேவைகள் இதைத் தங்கள் உதவிப் பக்கத்தில் வெளிப்படையாகவே சொல்கின்றன. ஆனால் அவசரத்தில் ஆர்டர் போடுகிறவர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

3. வங்கி ஆப்பில் இரண்டு பேலன்ஸ் இருக்கும். ஒன்று 'கரண்ட்', இன்னொன்று 'அவைலபிள்'. ஹோல்டு கழிந்திருப்பது இரண்டாவதில்தான். செலவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டியதும் அதைத்தான். முதல் எண்ணைப் பார்த்துக் கணக்குப் போடுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு.

4. மளிகை ஆர்டருக்குக் கூடுமானவரை கிரெடிட் கார்டு கொடுங்கள். கடன் பழக்கம் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடும் ஒழுக்கம் இருப்பவர்களுக்கு மட்டுமே இந்தக் குறிப்பு. டெபிட் கார்டில் ஹோல்டு விழுந்தால் உங்கள் சொந்தப் பணம் கட்டுண்டு கிடக்கும். வாடகை, மின்கட்டணம், போன் பில் எல்லாம் அதே கணக்கைத்தான் தட்டும். கிரெடிட் கார்டில் ஹோல்டு விழுந்தால் கடன் வரம்பில் சிறிது குறையும், அவ்வளவே. 'பெண்டிங்' நிலையில் இருக்கும் தொகைக்கு வட்டி ஓடாது.

இன்னொரு காரணமும் உண்டு. கார்டு திருட்டுப் போனால் கிரெடிட் கார்டில் உங்கள் பொறுப்பு சட்டப்படி 50 டாலருக்கு மேல் போகாது. டெபிட் கார்டுக்கு 1978-ன் மின்னணுப் பணமாற்றுச் சட்டம் பொருந்தும். கார்டு தொலைந்தது தெரிந்து இரண்டு வேலை நாளுக்குள் சொன்னால் 50 டாலர். தாமதித்தால் 500 டாலர் வரை உங்கள் தலையில் விழலாம். ஸ்டேட்மெண்ட் வந்து 60 நாள் கடந்தும் சும்மா இருந்தால் அதற்கும் மேல்.

5. கிரெடிட் கார்டு கிடைக்காதவர்கள் உண்டு. புதிதாக வந்த மாணவர்களுக்கும், வேலைக்கு வந்த முதல் மாதத்துக்காரர்களுக்கும் கடன் வரலாறு இருக்காது. அவர்கள் டெபிட் கார்டிலேயே காலம் தள்ள வேண்டியிருக்கும். நான் அக்கா மகளுக்குச் சொன்ன கணக்கு: ஆப் காட்டும் தொகை நூறு டாலர் என்றால், உன் மனக்கணக்கில் 125 என்று எழுதிக்கொள். அந்த 125 போன பிறகும் வாடகைக்குப் பணம் நிற்குமானால் ஆர்டர் போடு. நிற்காது என்றால் வாடகை கழியும் வரை இரண்டு நாள் பொறுத்திரு, அல்லது நேரில் கடைக்குப் போ. எடைக்கு விற்கும் பொருள் நிறைய இருக்கும் ஆர்டரில் இந்த இடைவெளி பெரிதாகும். மூட்டை அரிசி, பாக்கெட் பருப்பு, எண்ணெய் என்று விலை அச்சடித்த பொருளாகவே இருந்தால் இறுதித் தொகை அதிகம் மாறாது.

6. ஆர்டர் போட்ட பிறகு ஒவ்வொன்றாக நினைவு வந்து சேர்ப்பதைத் தவிர்க்கவும். கொத்தமல்லி மறந்துவிட்டது, இஞ்சி மறந்துவிட்டது என்று மூன்று முறை மாற்றினால், சில கடைகளில் மூன்று புது ஹோல்டு விழும். பழையது உடனே விடுபடாது. பட்டியலை முடித்துவிட்டு ஒரே முறையில் அனுப்புங்கள்.

7. ஒரே கடையின் பெயரில் இரண்டு வரி தெரிந்தால் முதலில் தொகையைப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு தொகையாக இருந்து, ஒன்றின் பக்கத்தில் 'பெண்டிங்' என்று இருந்தால், பெரும்பாலும் அது ஹோல்டு. மற்றது இறுதி பில். இரண்டாவது செய்தி வரும்போது அதை முதல் ஹோல்டோடு வங்கி பொருத்திப் பார்க்கிறது. பொருந்திவிட்டால் ஹோல்டு உடனே மறைந்துவிடும். தொகை மாறினாலோ, இறுதி பில் வேறு பெயரில் வந்தாலோ பொருந்தாமல் போவதுண்டு. அப்போது ஹோல்டு தன் கெடு முடியும் வரை அப்படியே நிற்கும். டெபிட் கார்டில் ஓரிரு நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகலாம், கிரெடிட் கார்டில் சில சமயம் அதற்கும் மேல். பெரிய ஆர்டரைக் கடை இரண்டு பெட்டியாக, இரண்டு இடத்திலிருந்து அனுப்பினால் பில்லும் இரண்டாக உடையும். அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

8. ஹோல்டு விஷயத்தில் வங்கிகள் 'நாள்' என்று சொல்வது பெரும்பாலும் வேலை நாளை. வெள்ளி மாலை விழுந்த ஹோல்டுக்குச் சனி, ஞாயிறு கணக்கில் சேராது. திங்கள் அரசு விடுமுறையாகவும் இருந்துவிட்டால் செவ்வாய் வரை காத்திருக்க வேண்டும். பொங்கலுக்குச் சாமான் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவும். மார்ட்டின் லூதர் கிங் நாள் ஜனவரி மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை வருகிறது. 2024-ல் பொங்கலும் அந்த விடுமுறையும் ஜனவரி 15 அன்று ஒன்றாகவே வந்தன. கரும்பு, பச்சரிசி, வெல்லம் எல்லாம் வெள்ளிக்கிழமை ஆர்டர் போட்டால், கட்டி வைத்த பணம் பண்டிகை முடிந்துதான் விடுபடும்.

9. ஆர்டரை ரத்து செய்தால் 'ரீஃபண்ட்' வரும் என்று காத்திருக்காதீர்கள். எடுக்காத பணத்தை எப்படித் திருப்பித் தருவார்கள்? ஹோல்டு விழுந்த வரியே சத்தமில்லாமல் மறைந்துவிடும். கழிந்தது, வந்தது என்று தனித்தனி வரி இருக்காது. ரீஃபண்ட் என்ற வரி வருவது, பணம் முழுமையாக எடுக்கப்பட்ட பிறகு திருப்பித் தந்தால் மட்டும்தான். பலர் மறைந்துபோன ஹோல்டைக் கவனிக்காமல், வராத ரீஃபண்டுக்காகக் கடையோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

10. கட்டி வைத்த பணம் அவசரமாகத் தேவைப்பட்டால் இரண்டு பேரிடமும் பேச வேண்டும். வங்கிக்குப் போன் செய்தால் 'கடை விடுவிக்க வேண்டும்' என்பார்கள். கடைக்குப் போன் செய்தால் 'எங்கள் பக்கம் ஒன்றும் இல்லை, வங்கியைக் கேளுங்கள்' என்பார்கள். இரண்டுமே பாதி உண்மை. ஒப்புதலைத் திரும்பப் பெறும் செய்தியைக் கடைதான் அனுப்ப வேண்டும். கட்டை அவிழ்ப்பது வங்கி. ஆகவே முதலில் கடையின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, ஆர்டர் எண்ணைச் சொல்லி, 'இந்த ஆத்தரைசேஷனை ரிலீஸ் செய்யுங்கள், அதன் கோடு எண்ணைக் கொடுங்கள்' என்று கேளுங்கள். அந்த எண்ணோடு வங்கியை அழையுங்கள். மூவரும் ஒரே அழைப்பில் பேசிவிட முடிந்தால் இன்னும் நல்லது. ஆர்டர் எண், ஹோல்டுத் தொகை, தேதி, கோடு எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். பேச்சு அலையாது.

11. ஆர்டர் 'நிராகரிக்கப்பட்டது' என்று வந்தாலும் பணம் கட்டுண்டிருக்கலாம். இது பலரைக் குழப்பும் இடம். அமெரிக்கக் கடைகள் கார்டுக்காரரின் முகவரியையும் ஐந்து இலக்க ஜிப் கோடையும் வங்கியிடம் இருப்பதோடு ஒப்பிடும். பணம் இருக்கிறது என்று வங்கி ஒப்புதல் கொடுத்துவிடும். முகவரி பொருந்தவில்லை என்று கடை மறுத்துவிடும். ஒப்புதலுக்காகக் கட்டிய பணம் அப்படியே நிற்கும். காரணம் புரியாமல் மீண்டும் மீண்டும் முயன்றால், ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு ஹோல்டு. நூறு டாலர் ஆர்டருக்கு முந்நூறு டாலர் முடங்குவது இப்படித்தான். வீடு மாறியிருந்தால் வங்கியில் முகவரியை மாற்றிவிட்டுப் பிறகு ஆர்டர் போடுங்கள். ஒருமுறை மறுத்தால் இரண்டாவது முறை முயலும் முன் வங்கி ஆப்பைத் திறந்து பாருங்கள்.

12. பரிசாக வந்த விசா, மாஸ்டர்கார்டு கிஃப்ட் கார்டில் மளிகை ஆர்டர் வேண்டாம். நூறு டாலர் கார்டில் 95 டாலருக்கு ஆர்டர் போட்டால், ஹோல்டு 105 டாலர் கேட்கும், கார்டு மறுத்துவிடும். அந்தக் கார்டை நேரில் கடைக்குக் கொண்டுபோய்ச் செலவழியுங்கள்.

13. பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு. இந்திய வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டு உள்நாட்டில் ஏ.டி.எம்.மிலும் கடையில் நேரிலும் மட்டுமே வேலை செய்யும். ஆன்லைன், வெளிநாடு இரண்டையும் நீங்களே ஆப்பில் திறக்க வேண்டும். திறந்து ஆர்டர் போட்டால், ஹோல்டுத் தொகை முழுவதும் ரூபாயில் செலவானதாகவே குறுஞ்செய்தி வரும். 'அப்பா, இதுக்குப் பயப்படாதீங்க, மிச்சம் திரும்பிடும்' என்று முன்பே சொல்லி வையுங்கள். ஹோல்டு விழுந்த நாளின் டாலர் மதிப்பும் இறுதி பில் வந்த நாளின் மதிப்பும் வேறாக இருக்கலாம். சில ரூபாய் வித்தியாசம் அதனால்தான். வெளிநாட்டுப் பணத்துக்கான கூடுதல் கட்டணமும் உண்டு. என்னைக் கேட்டால், பெற்றோர் இங்கே இருக்கும் நாட்களில் மளிகை ஆர்டர் பிள்ளைகளின் கார்டிலேயே போகட்டும்.

14. புதிதாக ஆப்பில் கார்டு சேர்த்ததும் ஒரு டாலர் ஹோல்டு தெரிந்தால், அது கார்டு உயிரோடு இருக்கிறதா என்று சோதிப்பது. தானாகப் போய்விடும். ஆனால் நீங்கள் எந்தக் கார்டையும் எங்கும் சேர்க்காத நாளில், தெரியாத பெயரில் ஒரு டாலர் தெரிந்தால் சும்மா விடாதீர்கள். திருடியவர்களும் இப்படித்தான் ஒரு டாலரில் சோதித்துவிட்டுப் பெரிய தொகைக்குப் போவார்கள். உடனே கார்டை ஆப்பில் பூட்டிவிட்டு வங்கியை அழையுங்கள்.

15. மளிகைக்கடையோடு சேர்ந்த பெட்ரோல் பங்கிலும் இதே கதைதான், இன்னும் பெரிதாக. பம்பிலேயே கார்டு போட்டால் 175 டாலர் வரை பிடித்து வைக்கலாம் என்று விசாவும் மாஸ்டர்கார்டும் 2022-ல் வரம்பை உயர்த்தின. டெபிட் கார்டுதான் கையில் உண்டு என்றால், உள்ளே போய் 'முப்பது டாலருக்கு' என்று சொல்லிப் பணம் கட்டிவிட்டுப் போடுங்கள்.

16. கணக்குத் தொடங்கும்போது 'ஓவர்டிராஃப்ட் பாதுகாப்பு வேண்டுமா?' என்று கேட்டால், யோசிக்காமல் ஆம் சொல்லாதீர்கள். 2010 முதல் உள்ள விதிப்படி, நீங்கள் சம்மதம் கொடுக்காமல் டெபிட் கார்டு வாங்கலுக்கும் ஏ.டி.எம்.முக்கும் வங்கி ஓவர்டிராஃப்ட் கட்டணம் போட முடியாது. பணம் போதாவிட்டால் கார்டு மறுக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்த விதி செக்குக்கும், வாடகை போலக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் தொகைக்கும் பொருந்தாது. அக்கா மகள் மாட்டியது இந்த இடுக்கில்தான். வாடகைக்கு ஒரு கணக்கு, கார்டு செலவுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து வைத்தால் ஹோல்டு வாடகையைத் தொடாது. இப்போது அவள் அப்படித்தான் வைத்திருக்கிறாள்.

17. இரண்டு வரியும் ஒரே தொகை, இரண்டிலும் 'பெண்டிங்' நீங்கி 'போஸ்டட்' ஆகிவிட்டது என்றால் அது உண்மையிலேயே இரட்டைப் பில். பெண்டிங்காக இருக்கும்வரை வங்கிகள் பொதுவாகப் புகாரை எடுத்துக்கொள்வதில்லை. போஸ்டட் ஆனதும் முதலில் கடையிடம் கேளுங்கள். சரிவராவிட்டால் வங்கியில் புகார் கொடுங்கள். கிரெடிட் கார்டுக்கு 1974-ன் கடன் பில் சட்டப்படி, தவறு வந்த முதல் ஸ்டேட்மெண்ட் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும். பொருள் வந்ததும் ஆப் அனுப்பும் இறுதி ரசீதைப் படம் பிடித்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

18. தமிழ்நாட்டில் ஆப்பில் மளிகை வாங்குகிறவர்களுக்கு இந்த ஹோல்டு அதிகம் தெரியாது. அங்கே பெரும்பாலும் முழுப் பணத்தையும் முதலிலேயே எடுத்துவிட்டு, இல்லாத பொருளுக்குத் திருப்பித் தருவார்கள். அங்கே வரும் சிக்கல் வேறு: பணம் போய்விடும், ஆர்டர் பதிவாகாது. அதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு வைத்திருக்கிறது. கார்டில் பணம் கழிந்தும் கடைக்கு உறுதி போகாவிட்டால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் ஈடு. முழுப் பணமும் முதலிலேயே போகும் அந்தப் பழக்கத்தில், அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்கள் ஹோல்டைப் பார்த்ததும் கடை பணத்தை எடுத்துவிட்டது என்றே நினைத்துவிடுகிறார்கள்.

19. இதற்கு முன் தவறாத கணக்கு என்றால், ஓவர்டிராஃப்ட் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். அக்கா மகள் கேட்கத் தயங்கினாள். 'நம்ம மேலதானே சித்தி தப்பு' என்றாள். நான் சொல்லிக்கொடுத்தபடி வங்கியை அழைத்து, மளிகை ஹோல்டு 96 டாலர், இறுதி பில் 74 டாலர், அந்த இடைவெளியால்தான் ஆறு டாலர் குறைந்தது, இதுவே முதல் தடவை என்று நான்கு வாக்கியத்தில் சொன்னாள். எதிரில் இருந்த பெண் இரண்டு வரியையும் பார்த்துவிட்டு, 35 டாலரை அன்றைக்கே திருப்பிப் போட்டார். கேட்காமல் இருந்திருந்தால் அது போனதுதான். உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ இப்படி நேர்ந்தால், தயவுசெய்து கூச்சப்படாமல் ஒரு போன் செய்து கேளுங்கள்.